மௌனப்படத் தோற்றத்தின் மறுஆக்கம்: கீறல்களும் உண்மையும்

குறும்படங்களிலும் வரலாற்றுப் படங்களிலும் 1920களின் திரைப்படம் ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தால், பெரும்பாலும் ஒரே வழிமுறை கையாளப்படுகிறது. டிஜிட்டல் கேமராவில் எடுத்த காட்சியின் நிறத்தை நீக்கி, செங்குத்துக் கீறல்களும் தூசியும் சேர்த்து, வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். எடிட்டிங் மென்பொருள்களில் இதற்கான விளைவுகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. இப்படிக் கிடைப்பது பல்லாண்டு ஓடித் தேய்ந்த பிரதியின் தோற்றம். அன்றைய பார்வையாளர் திரையில் கண்டது வேறு.

தமிழ்நாட்டில் இப்பிழையின் விளைவு பெரிது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமாகக் கருதப்படும் 'கீசக வதம்' படத்தை ஆர். நடராஜ முதலியார் 1910களின் பிற்பகுதியில் சென்னையில் எடுத்தார். அதன் பிரதி எதுவும் எஞ்சவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இல்லாதபோது மறுஆக்கமே மூலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

வேகம்

மௌனப்படக் கேமரா கையால் சுழற்றப்பட்டது. நொடிக்கு ஏறத்தாழ 16 முதல் 20 சட்டகங்கள் பதிந்தன. பேசும் படம் வந்தபின் ஒலிக்காக 24 சட்டகங்கள் என்ற வேகம் நிலைபெற்றது. 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். எனவே 1000 அடிச் சுருள் 16 சட்டக வேகத்தில் 16 நிமிடம் 40 நொடி ஓடும். 24 சட்டக வேகத்தில் சுமார் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். பழைய படங்களின் துள்ளல் நடை பெரும்பாலும் இந்த வேறுபாட்டால் வந்தது. அன்றும் சில அரங்குகளில் படத்தைச் சற்று விரைவாக ஓட்டினார்கள். ஆனால் ஒன்றரை மடங்கு வேகத்தைப் பொதுவிதியாகக் கொள்ள முடியாது. பிரெஞ்சு இயக்குநர் மிஷேல் அசனவிசியுஸ் 'தி ஆர்ட்டிஸ்ட்' (2011) படத்தை 22 சட்டகங்களில் எடுத்து 24இல் காட்டினார். மெல்லிய விரைவு தெரிகிறது, நடிப்பு கேலியாகவில்லை.

நிறமும் ஒளியும்

அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருள் சிவப்பு ஒளியைப் பதிவு செய்யாது. குங்குமமும் உதடும் கருத்துவிடும். நீல வானம் வெளுக்கும். மாநிறத் தோல் உள்ளதைவிடக் கருமையாகும். முகத்தில் வெண்பூச்சு தடித்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். டிஜிட்டல் காட்சியில் நிறத்தை வெறுமனே நீக்கினால் இந்தத் தன்மை வராது. சிவப்பு அலைவரிசையை விலக்கி, நீலத்தையும் பச்சையையும் கொண்டு கருப்பு வெள்ளையாக்க வேண்டும்.

ஒளியும் அவ்வாறே. புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் அமைந்த முதலியாரின் படப்பிடிப்புத் தளத்தில் மேலே மெல்லிய வெள்ளைத்துணி கட்டி வெயிலை வடிகட்டினார்கள். அத்தளத்தைக் காட்டும் காட்சிக்கு மின்விளக்கின் கூரிய நிழல்கள் பொருந்தா. இன்று ஒரு வேட்டியும் நண்பகல் வெயிலும் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

கீறல்கள்

புதிய பிரதி தெளிவாக இருந்தது. இரவுக்கு நீலம், தீக்குச் சிவப்பு எனச் சாயமேற்றிய பிரதிகளும் உலகெங்கும் ஓடின. கீறல் சேர்ப்பதற்கு ஒரு நியாயம் சொல்லலாம்: காலம் பழையது என்பதைப் பார்வையாளர் உடனே புரிந்துகொள்கிறார். ஒரு நிமிடக் காட்சிக்கு அது பொருந்தக்கூடும். ஆனால் கீறலையே மௌனப்படத்தின் இயல்பாகக் காட்டும்போது, பிரதிகளைக் காக்கத் தவறியவர்களின் பிழை அவற்றை உருவாக்கியவர்களின் திறக்குறைவாகத் தோன்றிவிடுகிறது. வெயிலையும் கைச்சுழற்சியையும் நம்பி உழைத்த கலைஞர்களுக்கு இது அநீதி.

முன்மாதிரி

மறுஆக்கம் செய்ய விரும்பும் மாணவர்கள் மென்பொருளின் விளைவுகளிலிருந்து தொடங்காமல், எஞ்சிய படங்களிலிருந்து தொடங்கலாம். நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து, பி. வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா' (1933) தென்னிந்திய மௌனப்படங்களில் தப்பிப் பிழைத்த அரிய ஒன்று. புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதில் நடிகர்கள் எவ்வளவு நேரம் ஒரே சட்டகத்துக்குள் நிற்கிறார்கள், எழுத்து அட்டைகள் எங்கே வருகின்றன என்பவற்றைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கீறலை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். அதை நீக்கிப் பார்த்தபின்னும் காட்சி மௌனப்படமாகவே நிற்கிறதா என்பதுதான் நல்ல மறுஆக்கத்தின் சோதனை.