வலது கதவில் ஒட்டிக்கொள்ளும் குரல்

மதுரையிலும் கொழும்பிலும் வண்டிகள் இடப்பக்கமாகத்தான் போகின்றன. ஓட்டுநர் வலப்பக்கம்தான் உட்காருகிறார். கார் செட்டைச் சமப்படுத்த முனைகிற எவருக்கும் முதல் தொல்லை இந்த இருக்கைதான். வலது கதவு ஸ்பீக்கர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இடது கதவு ஸ்பீக்கர் அதைவிட ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. பாட்டு ஓடத் தொடங்கியதும் பாடகரின் குரல் வலது கதவோடு ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான வண்டிகளில் அது கடைசிவரை அங்கேயே கிடக்கிறது.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க டி.எம்.சௌந்தரராஜன் போதும். 1922-இல் மதுரையில் பிறந்தவர். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை வழியாகக் கடலின் இரு கரைகளிலும் வீட்டுக் குரலாகவே ஆனவர். அவருடைய பழைய பாடல்கள் மோனோ பதிவுகள். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும் என்பதால், கண்ணை மூடிக் கேட்டால் குரல் டேஷ்போர்டின் நடுவில் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். நகர்ந்தால் செட்டில் பிழை. தமிழில் ஸ்டீரியோ முறையில் பதிவான முதல் படப்பாடல்கள் என்று சொல்லப்படுபவை 1978-இல் வந்த ‘ப்ரியா’ படத்துடையவை. ஸ்டீரியோப் பாட்டில் கருவிகள் பரவிக் கிடப்பதால் பிழை ஒளிந்துகொள்ளும். செட் பார்க்க வருகிறவர்கள் புதுப் பாட்டைப் போட்டுச் சோதிப்பதைப் பார்க்கும்போதெல்லாம், முதலில் ஒரு பழைய பாட்டைப் போடுங்கள் என்று சொல்லத் தோன்றும்.

இந்தக் கோளாறுக்கான மருந்தை நெடுங்காலமாகக் கையில் வைத்திருந்தது இலங்கைதான். அங்கே ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் ஓடிவிட்டு வந்தவை: விட்ஸ், அக்வா, ஆக்ஸியோ, வேகன்ஆர். பலவற்றில் ஜப்பான் செட்டே கூட வரும். பயனியர் நிறுவனம் தன் நாட்டில் கரோட்சேரியா என்ற பெயரில் விற்கும் செட்கள் பலவற்றில் ‘டைம் அலைன்மென்ட்’ வசதி உண்டு. பக்கத்து ஸ்பீக்கரின் ஒலியைச் சற்றே தாமதப்படுத்தி, இரண்டு பக்க ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வந்து சேரச் செய்வது அதன் வேலை. 60 சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கு 1.7 மில்லிசெகண்ட் தாமதம் போதும். ஜப்பானிலும் ஓட்டுநர் வலப்பக்கம்தான் என்பதால் மெனுவில் இருக்கும் ஓட்டுநர் இருக்கைத் தேர்வு அப்படியே பொருந்திவிடுகிறது.

ஆனால் அந்த மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து. அதைவிடப் பெரிய சிக்கல் வானொலி. ஜப்பானின் எஃப்.எம். 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கிப் பழைய செட்களில் 90-லேயே முடிந்துவிடும். இலங்கையில், இந்தியாவைப் போலவே, 87.5 முதல் 108 வரை. அதனால் ஆன்டெனா வயரின் நடுவே ‘பேண்ட் எக்ஸ்பாண்டர்’ என்று ஒரு சிறு பெட்டியைச் செருகி, மேலே இருக்கும் அலைவரிசைகளைக் கீழே இறக்குகிறார்கள். நிலையம் கிடைக்கும்; கூடவே கொஞ்சம் இரைச்சலும் வரும். பேட்டரியைக் கழற்றினால் சில டொயோட்டா செட்கள் பூட்டிக்கொண்டு திறப்பு எண் கேட்கும். ஆகவே கொழும்பின் பஞ்சிகாவத்தையில் உதிரிபாகம் தேடும் இலங்கைக்காரருக்குச் செட் வேலை என்பது ஏற்கெனவே இருப்பதைப் பழக்கி எடுப்பது. 2020-இல் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய செட்டைக் காப்பாற்றுவதே அங்கே பெரிய கலையாக இருந்தது.

மதுரையில் கதையே வேறு. இங்கே கார் உள்நாட்டில் செய்தது. விலை குறைந்த மாடலை எடுத்தால் டேஷ்போர்டில் வெறும் மூடிதான் இருக்கும், கதவுக்குள் வயர் மட்டும் தொங்கும். செட், ஸ்பீக்கர், ஆம்ப் எல்லாமே கடையில் நம் தேர்வு. இந்தச் சுதந்திரம் நல்லதுதான். ஆனால் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கு ஒரு நொடி உச்சத்துக்கானது. தொடர்ந்து தாங்கும் ஆர்.எம்.எஸ். அளவு பொடி எழுத்தில் இருக்கும், பல நேரம் அதில் ஒரு சிறு பங்குதான். பின் டிரேயில் இரண்டு ஓவல் ஸ்பீக்கர் போடுவது இந்த ஊரின் நீண்ட பழக்கம். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கச்சேரி முதுகுக்குப் பின்னால் நடக்கும். அந்தக் காசை முன் கதவுகளில் போடலாம். கதவின் உள்தகட்டில் உள்ள பெரிய ஓட்டைகளை டேம்பிங் ஷீட் ஒட்டி அடைத்தால், ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி முன்பக்க ஒலியை அழிப்பது நிற்கும். அதன்பின் தவிலும் மிருதங்கமும் கதவிலிருந்தே உடம்போடு வரும்.

இரண்டு ஊரிலும் ஒன்றுபோல நடக்கும் தவறு ஆம்பின் கெயின் திருகில் இருக்கிறது. அதை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகிவிடுகிறார்கள். செட்டிலிருந்து வரும் சிக்னலின் அளவை ஆம்போடு பொருத்துவதுதான் அதன் வேலை. சரியான முறை இது: ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட வேண்டும். ஈக்வலைசரைப் பூஜ்யத்தில் வைத்து, பேஸ் பூஸ்ட்டை அணைத்து, கிராஸ்ஓவரை விலக்கிவிட வேண்டும். செட்டின் வால்யூமை முக்காலில் நிறுத்தி, 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட வேண்டும். 1000 ஹெர்ட்ஸில் மலிவு மல்டிமீட்டர் தடுமாறும். சேனலுக்கு 50 வாட், ஸ்பீக்கர் 4 ஓம் என்றால், 50-ஐ 4-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 14 வோல்ட்டுக்குச் சற்று மேல் வரும். ஆம்ப் முனையில் ஏ.சி. வோல்ட் அந்த எண்ணைத் தொட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, முதலில் ட்வீட்டர் சாகும், பிறகு ஊஃபரின் காயில் கருகும். கெயினை முடித்ததும் ஸ்பீக்கர் வயரைத் திரும்ப மாட்டி, கிராஸ்ஓவரில் கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, அந்தத் தாழ்ந்த ஒலியைத் தனி ஊஃபரிடம் ஒப்படைத்தால் குரல் தெளிந்துவிடும்.

“இப்படி வச்சா, பேஸ் பத்தலைன்னு மறுநாளே திரும்பி வந்துருவாங்கண்ணே” என்பது கடைக்காரர்களின் பதில். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பத்தாமல் போவதற்குப் பல நேரம் காரணம், ஊஃபரின் வயர் முனைகள் மாறி, அது கதவு ஸ்பீக்கர்களுக்கு எதிராக அசைவதுதான். முனைகளை மாற்றிப் போட்டுக் கேட்டு, எதில் அடி கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். காசு செலவில்லாத வேலை.

வெயிலும் உப்பும் வேறுவேறு விதமாகப் படுத்துகின்றன. சித்திரை வெயிலில் நிறுத்திய மதுரைக் கார் உள்ளே உலையாகி, சீட்டுக்கு அடியில் திணித்த ஆம்ப் சூட்டில் தானே அணைந்துவிடும். யாழ்ப்பாணத்திலும் காலியிலும் கடற்காற்றில் செப்பு முனை பச்சை பூத்து, ஒரு பக்கம் கரகரக்கும். வெள்ளீயம் பூசிய செப்பு வயர் அங்கே ஆடம்பரமில்லை, தேவை. செப்புப் பூச்சிட்ட அலுமினிய வயர் இரு பக்கத்துக்குமே ஆகாது.

பேருந்துக்கு வந்தால் இரு நாடும் மிக நெருங்கிவிடுகின்றன. 1982-இல் தொடங்கிய லங்கா அசோக் லேலண்ட் வழியாக, மதுரைத் தனியார் பேருந்தின் உறவுக்கார வண்டியே இலங்கைச் சாலைகளிலும் ஓடுகிறது. 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் ஆம்பை ஒரு பேட்டரியில் மட்டும் மாட்டினால் ஒன்று அளவுக்கு மீறிச் சார்ஜாகும், மற்றது சார்ஜ் இறங்கிப்போகும். நடுவே கன்வெர்ட்டர் வேண்டும். கூரையில் நாலு 4 ஓம் ஸ்பீக்கரை இணையாகக் கட்டினால் சுமை 1 ஓமாகி ஆம்ப் திணறும். இரண்டிரண்டாகத் தொடரில் கட்டி, அந்த இரு ஜோடிகளையும் இணைத்தால் திரும்ப 4 ஓம்.

இலங்கையில் 2020 ஜனவரியில் பேருந்துகளின் பாட்டுச் சத்தத்தைக் கட்டுப்படுத்த அரசே முனைந்தது. 2025 ஜனவரியில் பேருந்துகளிலும் ஓட்டோக்களிலும் கூடுதலாக மாட்டிய துணைப் பொருட்களைக் காவல்துறை கழற்றச் சொன்னபோது பெரிய வாக்குவாதமே எழுந்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு சொல்கின்றன. பேருந்துக்குள் இருப்பவரின் காதுக்கோ ஓட்டுநரின் மனசுதான் வரம்பு. “அண்ணா, கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ” என்று அங்கேயும், “அண்ணே, சத்தத்தைக் கொறைங்க” என்று இங்கேயும் கேட்பது பெரும்பாலும் ஸ்பீக்கருக்கு நேர் கீழே மாட்டிக்கொண்டவர்தான். தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபெல் ஏறும். நாலு ஸ்பீக்கரைக் கத்தவிடாமல் பத்து ஸ்பீக்கரை மெதுவாகப் பாடவைத்தால் கடைசி சீட்டுக்கும் பாட்டு போகும், யார் தலையிலும் இடிக்காது. பேருந்து முதலாளிகள் இந்தச் செலவைச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

இப்போது வரும் புதுக் கார்களில் பெரிய திரை டேஷ்போர்டோடு பிணைந்தே வருவதால் செட்டை மாற்றும் வழி இங்கேயும் அடைபடுகிறது. மதுரைக் கடைக்காரரும் இலங்கைக்காரரைப் போல, கம்பெனி செட்டின் ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னலை எடுத்து டி.எஸ்.பி. எனும் ஒலித்திருத்தப் பெட்டிக்குள் விட்டுத் திருத்தும் நிலைக்கு வந்துவிட்டார். கம்பெனி செட்கள் பல, வால்யூம் ஏற ஏற பேஸைத் தாமாகக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஓட்டுநரின் தலை இருக்கும் இடத்தில் அளவீட்டு மைக்கை வைத்து இரண்டு மூன்று வால்யூமில் அளப்பது அவசியம். கடைசிச் சோதனையைக் கடை வாசலில் செய்யக் கூடாது. ஏ.சி.யை இரண்டில் வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை ரிங் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். டயர் இரைச்சல் தாழ்ந்த சுரங்களை விழுங்குவது அப்போதுதான் தெரியும். அதற்கு ஈடாக பேஸில் 2 அல்லது 3 டெசிபெல் ஏற்றிக்கொள்ளலாம்.