தளபதியின் காயமும் நேர்மறை உளவியலும்

போர்முனையிலிருந்து மீண்ட சிப்பாயின் மனமுறிவை நாவல்களும் நாடகங்களும் நிறையப் பேசியுள்ளன. கட்டளையிட்டவரின் உள்ளத்துள் நிகழ்ந்ததைக் கூறுவன சிலவே. அவற்றுட் பெரும்பாலானவை வெற்றிப் பெருமிதம் கொழிக்கும் நினைவுக்குறிப்புகள். கனடியத் தளபதி றோமியோ டலெயர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சாத்தானுடன் கைகுலுக்கல்’ அத்தகையதன்று. அது தோற்றுப்போன தளபதியொருவரின் வாக்குமூலம்.

றுவாண்டாவில் ஐக்கிய நாடுகள் படைக்குத் தலைமை தாங்கியவர் டலெயர். ஆயுதங்கள் பதுக்கப்படுவதையும் படுகொலைக்கான ஆயத்தங்களையும் அறிந்த அவர், 1994 ஜனவரி 11ஆந் திகதி நியூயோர்க்குக்குச் செய்தி அனுப்பினார். ஆயுதங்களைக் கைப்பற்ற அனுமதி மறுக்கப்பட்டது. ஏப்பிரில் 7ஆந் திகதி அவரது படையைச் சேர்ந்த பெல்ஜிய வீரர் பத்துப்பேர் கொல்லப்பட்டனர். பெல்ஜியம் தன் படையை மீட்டுக்கொண்டது. ஐயாயிரம் பேரைத் தந்தால் கொலையைத் தடுக்கலாம் என மன்றாடியவருக்குப் பாதுகாப்புச் சபை ஏப்பிரில் 21ஆந் திகதி அளித்த விடை, ஏறத்தாழ 2,500 பேராக இருந்த படையை 270 ஆகக் குறைக்குந் தீர்மானமே. நூறு நாட்களுக்குள் எட்டு இலட்சம் மக்கள் வரையில் மடிந்தனர். 2000ஆம் ஆண்டில் மருத்துவக் காரணங்களால் இராணுவத்தை விட்டு நீங்கிய டலெயர், அவ்வாண்டு ஜூன் மாதத்தில், மதுவும் மருந்தும் கலந்த மயக்கத்திற் பூங்கா வாங்கொன்றின் கீழ்க் கிடக்கக் காணப்பட்டார்.

இக்காயத்துக்கு இக்கால அறிஞர் சிலர் கண்ட மருந்தே நேர்மறை உளவியல். 1998இல் அமெரிக்க உளவியற் சங்கத் தலைவராயிருந்த மார்ட்டின் செலிக்மன் அதனை முன்வைத்தார். 2009இல், ஈராக்கிற் படை நடத்தித் திரும்பிய ஜெனரல் ஜோர்ஜ் கேசி இராணுவத் தலைமையில் இருந்தபோது, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட படையினருக்கான உளவலுப் பயிற்சியாக அது வடிவெடுத்தது. நிகழ்ச்சியன்று, நிகழ்ச்சி பற்றிய நமது எண்ணமே துயரை விளைவிக்கிறது என்பது அப்பயிற்சியின் அடிப்படைகளுள் ஒன்று. நாள்தோறும் நடந்த நல்லவற்றைத் தேடிக் குறித்துக்கொள்ளுமாறும் அது கூறும்.

சிறு இடர்களுக்கு இது உதவக்கூடும், அதை மறுப்பதற்கில்லை. ஆயின் டலெயரின் எண்ணத்தில் எதனைத் திருத்துவது? தாம் கைவிடப்பட்டதாக அவர் நினைப்பது பிழையான எண்ணமன்று. தீர்மான இலக்கத்துடன் பதிவாகியுள்ள உண்மை. செலிக்மனே 1967இல் நாய்களுக்குத் தப்பவியலா மின்னதிர்ச்சி கொடுத்து, அவை பின்னர் தப்பும் முயற்சியையே கைவிடுவதைக் காட்டியவர். மின்விசை யார் கையில் இருந்தது என்ற கேள்வியை அவரது பிற்காலப் போதனை மறந்துவிட்டது. வினாக்கொத்தைச் சிப்பாய் நிரப்புகிறான். பாதுகாப்புச் சபையிற் கையுயர்த்தியோர் நிரப்பவேண்டியதில்லை.

டலெயரே எமக்குச் சான்று என அவர்கள் வாதிடலாம். அவர் 2005இல் செனற்றரானார். சிறுவர் போராளிகளுக்காக இயக்கமொன்றைத் தொடங்கினார். உளவடுவுக்குப் பின்னான வளர்ச்சி என இதற்கு அழகான பெயருமுண்டு. ஆயினும் 2016இல் அவர் எழுதிய மற்றொரு நூல், தமது உளப் போராட்டம் இன்னும் ஓயவில்லை என்பதைத் தலைப்பிலேயே அறிவிக்கிறது. பணியும் காயமும் ஒருங்கே வாழ்கின்றன. றுவாண்டாவை வேறுவிதமாக நினைக்க மறுத்தமையாலேயே அவர் பணியாற்றினார் என்பது என் கருத்து.

நூல் குறையற்றதன்று. இராணுவ விபரங்கள் மலிந்து நடை பல இடங்களிற் கனக்கிறது. மக்களின் அடையாள அட்டையில் இனத்தைப் பொறித்த பெல்ஜிய ஆட்சியின் பொறுப்பு பின்னணியாகவே நின்றுவிடுகிறது. இவற்றினும் பெரிய குறை, றுவாண்டா மக்கள் இதிற் பெரும்பாலும் பிணங்களாகவோ கூட்டமாகவோ தோன்றுவது. தளபதியின் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவே. குடும்பத்தினர் பலரை அப்படுகொலையில் இழந்த ஸ்கொலஸ்ரிக் முகசொங்கா 2006இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய தன்வரலாற்றையும் இதனருகே வைத்துப் படித்தல் வேண்டும்.