கார்ட்டர் போட்ட கோடு

‘கிரேஸ் அனாடமி’யைக் கேள்விப்படாத டாக்டர் இருக்க முடியாது. இன்றைய எம்.பி.பி.எஸ். மாணவர்கள் பரீட்சைக்குச் சௌராசியாவின் பாடப் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள். ஆனாலும் அந்தத் தலையணைப் புத்தகத்தின் பெயரைச் சொன்னால் குரலில் ஒரு மரியாதை வந்துவிடும். அது முழுக்க ஹென்றி கிரேவுக்கே போவதில் எனக்குச் சம்மதமில்லை. 1858-இல் லண்டனில் வந்த முதல் பதிப்பில் 363 படங்கள். போட்டவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையைச் சேர்ந்த இருவரும் சேர்ந்துதான் பிணங்களை அறுத்தார்கள். ஒருவர் எழுதினார், மற்றவர் வரைந்தார். கிரேயின் வாக்கியங்களைப் பின்னால் வந்தவர்கள் பதிப்புக்குப் பதிப்பு திருத்தினார்கள். 1918-இல் வந்த அமெரிக்கப் பதிப்பைத் திறந்தாலும் கார்ட்டரின் கோடுகளை அடையாளம் காணலாம்.

அப்படி என்ன செய்துவிட்டார்? பெயரை உறுப்பின் மேலேயே எழுதினார்.

கேட்க அற்பமாக இருக்கும். அதுவரை பெரும்பாலான பாடப் புத்தகப் படங்களில் தசை மேல் ஒரு குட்டி எண்ணோ எழுத்தோ இருக்கும். அது என்னவென்று கீழே பட்டியலில் தேட வேண்டும். கண் படத்துக்கும் பட்டியலுக்கும் அலைந்து திரும்புவதற்குள் பார்த்த இடம் தப்பிவிடும். கார்ட்டரோ ஊர் வரைபடத்தில் தெருவின் மேலேயே தெருப் பெயரை எழுதுவதுபோல எழுதினார். ரத்தக் குழாய் வளைந்தால் அதன் பெயரும் கூடவே வளைகிறது. தசைநார் சாய்ந்து ஓடினால் எழுத்தும் சாய்கிறது. பெயரோடு சேர்ந்து திசையும் மனசில் ஏறிவிடுகிறது.

தொடை எலும்பின் பின்புறப் படத்தைச் சற்று நேரம் பார்க்க வேண்டும். எலும்பின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு முரட்டு வரப்பு ஓடுகிறது. லீனியா ஆஸ்பெரா என்பார்கள். வாஸ்டஸ் தசைகள் இரு ஓரங்களிலும், பைசெப்ஸின் குட்டைத் தலையும் அடக்டர்களும் நடுவிலுமாக, விரற்கடை அகலத்துக்குள் அத்தனை தசைகள் நெருக்கியடித்துக்கொண்டு ஒட்டும் இடம் அது. கார்ட்டர் அங்கே ஒரு தசையைக்கூட வரையவில்லை. ஒட்டும் இடத்தின் எல்லையைக் கோட்டால் காட்டிப் பெயரை எழுதியதோடு சரி. மாணவன் கையில் வெறும் எலும்பைத்தான் வைத்திருப்பான் என்று அவருக்குத் தெரியும். வைவாவில் எலும்பை நீட்டி, ‘எந்தப் பக்கத்து எலும்பு? இங்கே என்ன ஒட்டும்?’ என்று கேட்கும் பரீட்சகருக்குப் பதில் சொல்லத் தேவையானது மட்டுமே படத்தில் இருக்கிறது.

எதை விடுவது என்ற இந்தத் தெளிவைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1543-இல் வந்த வெசாலியஸின் அனாடமிப் புத்தகத்தில் தோலுரிந்த மனிதர்கள் மலையும் ஊரும் பின்னணியாக நின்று பாவனை செய்கிறார்கள். அல்பினஸின் 1747-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எலும்புக்கூட்டுக்குப் பின்னால் ஒரு காண்டாமிருகமே மேய்கிறது! பார்க்க அலுக்காது, எனக்கும் பிடிக்கும். ஆனால் நாளைக்குத் தேர்வு என்றால் காண்டாமிருகத்தால் என்ன பயன்?

படங்களை அச்சுக்குக் கொண்டுபோன விதத்திலும் ஒரு சிரமம் உண்டு. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தால் இடம் வலமாகிவிடும் என்பதால், கட்டையில் எல்லாவற்றையும் கண்ணாடிப் பிம்பமாக வரைய வேண்டும். கல்லீரலை உடலின் இடப்பக்கம் போட வேண்டும். மாறிப் போனால் ஒரு தலைமுறை மாணவர்கள் மாற்றிப் படிப்பார்கள். தலைகீழாகச் சிந்திக்கும் இந்த வேலையைச் செய்தபோது கார்ட்டருக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறு. ஓவியர் வீட்டுப் பிள்ளை, அப்பா நீர்வண்ணக்காரர். உழைப்புக்குக் கிடைத்தது ஒரே தவணையாக 150 பவுண்டு. ராயல்டி கிரேவுக்கு மட்டும். அவரும் அதை நெடுநாள் அனுபவிக்கவில்லை. 1861-இல் பெரியம்மையில் போய்விட்டார்.

கார்ட்டர் 1858-இலேயே பம்பாய்க்குக் கப்பலேறி, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அனாடமி பாடம் எடுக்கத் தொடங்கினார். அங்கே அவர் கையில் சிக்கிய நோய் நம்ம ஊர்ப் பெயர் கொண்டது: மதுரா ஃபுட். 1842-இல் மதுரை மருந்தகத்தில் ஜான் கில் என்பவர் எழுதிவைத்த கால் நோய். செருப்பில்லாமல் வயலில் நடப்பவர் காலில் முள் தைத்த வழியே கிருமி இறங்கும், பாதம் வீங்கும், ஆண்டுக்கணக்கில் புரையோடி, துளைகள் வழியே குருணை குருணையாக வெளிவரும். உள்ளே எலும்பெல்லாம் பொந்து.

இது ஒரு பூஞ்சையின் வேலை என்று கார்ட்டர் நிறுவினார். 1874-இல் தனிப் புத்தகமே போட்டார். அதில் எனக்குப் பிடித்தது அவர் போட்ட பிரிவு: கறுப்புக் குருணை ஒரு வகை, வெளிர் குருணை இன்னொரு வகை. எல்லாமே பூஞ்சைதான் என்ற அவர் முடிவு பாதிதான் சரி. வெளிர் வகையில் பல பாக்டீரியாவால் வருபவை என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் காரணம் பிடிபடும் முன்பே அவர் கண் இரு வகைகளையும் பிரித்து வைத்துவிட்டது. இன்றும் இந்த நோயில் டாக்டர் முதலில் குருணையின் நிறத்தைத்தான் பார்க்கிறார். கறுப்பு என்றால் பூஞ்சை. மாதக்கணக்கில் மருந்து, பெரும்பாலும் அறுவையும் வேண்டும். சிவப்பு, மஞ்சள் என்றால் பாக்டீரியாவாக இருக்கும். ஆன்டிபயாட்டிக்கிலேயே கால் தப்பிவிடலாம். வெள்ளையாக இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.