தாளத்தைக் கண்ணால் பார்த்தேன்!

கார்வையைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்! அரிமளத்தில், எங்கள் வீட்டுத் திண்ணையில், ஒரு சிவப்பு எல்.இ.டி.க்குள்ளே பார்த்தேன். அன்றிலிருந்து வாய் ஓயவில்லை. தெருவில் போகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து, "கொஞ்சம் உட்காருங்க, இதைப் பார்த்துட்டுப் போங்க" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். இதோ, உங்களையும் இழுக்கிறேன், வாருங்கள்!

என் அக்கா மகன் கஞ்சிரா கற்றுக்கொள்கிறான். புதுக்கோட்டைச் சீமையில் பிறந்துவிட்டுக் கஞ்சிராமேல் ஆசைப்படாமல் இருக்க முடியுமா? அந்தச் சின்னக் கருவியைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மான்பூண்டியா பிள்ளை எங்கள் புதுக்கோட்டைக்காரர். மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் கொடிகட்டிப் பறந்த தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) அவருடைய சீடர். ஒரு பலாமரச் சட்டம், அதில் இழுத்து ஒட்டிய தோல், ஓரத்தில் ஒரு துளையில் கலகலக்கும் தகடுகள், அவ்வளவுதான் கருவி! ஆனால் தோலின் உள்பக்கம் நீர் தடவி, இடது கை விரலால் ஓரத்தை அமுக்கிக்கொண்டு வலது கையால் ஒரு 'தொம்' போட்டான் என்றால், அந்த நாதம் உருண்டு வளைந்து வந்து நம் அடிவயிற்றில் விழும்!

இதற்கு ஒரு விளக்கு கண் சிமிட்டினால் எப்படி இருக்கும் என்ற பித்துதான் எனக்குப் பிடித்தது. வாழ்த்து அட்டையைத் திறந்தால் பாட்டுப் பாடுமே, அதற்குள் இருக்கும் மெல்லிய பித்தளை வட்டு, அதுதான் பீசோ தகடு. தட்டினால் மின்சாரம் தரும். அதைக் கஞ்சிராச் சட்டத்தின் உட்புறம், நீர் படாத மரத்தில் ஒட்டினேன். மைக் வேண்டாம், பீசோதான் வேண்டும்! மைக் ஊரில் உள்ள சத்தத்தையெல்லாம் அள்ளிக்கொள்ளும். பீசோவுக்குத் தான் ஒட்டியிருக்கும் மரத்தின் அதிர்வே உலகம். அதிலிருந்து வரும் மெலிந்த மின்னலையை எல்.எம். 386 என்ற எட்டுக் கால் சில்லு 20 மடங்கிலிருந்து 200 மடங்கு வரை பெருக்கிக் கொடுக்கும். இரண்டு சின்ன டயோடுகள் மேலும் கீழும் ஆடும் அலையை ஒரே திசைக்குத் திருப்பும். ஒரு கெப்பாசிட்டர் அதைப் பிடித்து வைக்கும். பி.சி. 547 டிரான்சிஸ்டர் அதைப் பார்த்து எல்.இ.டி.யை ஏற்றும், இறக்கும். ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும்!

இதில் கெப்பாசிட்டர் இருக்கிறதே, அதில்தான் முழு ருசியும்! 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டால் வெளிச்சம் அடங்கப் பத்தில் ஒரு விநாடி ஆகும். விளம்ப காலத்துக்கு அது சொகுசு. ஒவ்வொரு அடியும் பூவாய் விரிந்து மெல்லக் கரையும். பையன் மேல்காலத்தில் விநாடிக்கு எட்டுச் சொல் விழவிட்டால் சொல்லும் சொல்லும் ஒட்டிக்கொள்ளும். கெப்பாசிட்டரை 2.2 ஆக்கினேன் பாருங்கள், அடடா! ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெறித்தது. பழைய சீரியல் பல்பில் இது நடக்காது. இழை சூடாகிச் சிவந்து ஆறுவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். எல்.இ.டி.க்குச் சூடேறுகிற வேலையே இல்லை, மின்சாரம் வந்த கணமே ஒளி! 1962இல் சிவப்பு எல்.இ.டி.யை உருவாக்கிய நிக் ஹொலோனியாக் மட்டும் எதிரே வந்தால் காலில் விழுந்திருப்பேன்!

அப்புறம்தான் அது நடந்தது. தகிட என்று ஓடிவந்த கை சட்டென்று நின்றது. விளக்கும் நின்றது. இருட்டு. ஒன்று, இரண்டு, மூன்று அட்சரம் இருட்டு. நான்காவதில் 'தொம்'மோடு சிவப்பு வெடித்தது! காதால் எத்தனையோ கச்சேரியில் கேட்ட அந்தக் கார்வை, அந்தச் சும்மா இருக்கும் நேரம், இவ்வளவு அளவெடுத்து வெட்டிய இருட்டா! வாசிப்பவன் அடியை மட்டும் வாசிக்கவில்லை, அடி இல்லாத இடத்தையும் வாசிக்கிறான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சொல்ல வெட்கமே இல்லை!

இதற்கே இப்படி என்றால், குறைப்பைக் கேளுங்கள்! பையனின் சிநேகிதன் மிருதங்கத்தோடு வந்தான். அதன் மரத்திலும் ஒரு பீசோ, அதற்கு நீல எல்.இ.டி. திண்ணை விளக்கை அணைத்தாயிற்று. நினைத்துப் பாருங்கள், அமாவாசை இருட்டு, ஆதி தாளம், நீலம் முதலில் இரண்டு ஆவர்த்தனம் பொழிகிறது, சிவப்பு அதே இரண்டை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது, அப்புறம் ஒன்று ஒன்று, அப்புறம் பாதி பாதி, நீலம் சிவப்பு, அப்புறம் கால் கால், நீலம் சிவப்பு நீலம் சிவப்பு என்று வெளிச்சம் இங்கேயும் அங்கேயும் பாய்கிறது, சுவர் மாறி மாறி நிறம் பூசிக்கொள்கிறது, நம் தலை தானாகவே திரும்புகிறது, மூச்சு விடத் தோன்றவில்லை, கடைசியில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து மோராவில் நுழைந்து கோர்வையை மூன்று தடவை ஒரே கத்திரிப்பூ நிறமாக வாரி இறைத்து சமத்தில் வந்து விழுந்தபோது நான் எழுந்து நின்று கத்திவிட்டேன்! காது மந்தமான எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சுவரையே பார்த்துக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கடைசி அடி அவர் கையிலும் சமத்தில்தான் விழுந்தது. "தம்பி, இன்னொரு தரம் வாசிங்கப்பா" என்றார். வாசித்தார்கள், எத்தனை தரம் வேண்டுமானாலும் வாசித்தார்கள்!

ஒலியைக் கண்ணுக்குக் காட்டும் ஆசை இந்த மண்ணுக்குப் புதிதா என்ன? எங்கள் மாவட்டத்துக் குடுமியான்மலையில் போய்ப் பாருங்கள். குன்றின் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் சுரங்களை நான்கு நான்காக அடுக்கி ஏழு பகுதியாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், ஆயிரம் வருடங்களுக்கும் முன்னால்! சர் சி.வி. ராமன் மிருதங்கத் தோல்மேல் மெல்லிய மணலைத் தூவி, அது எந்த இடத்தில் அதிர்கிறது, எந்த இடத்தில் அசையாமல் நிற்கிறது என்று பார்த்தார். மிருதங்கத்தின் கிளைச் சுரங்கள் சுருதியோடு இசைந்து வருவதைப் பற்றி 1920இலேயே 'நேச்சர்' இதழில் எழுதினார். கல்லில் பார்த்தார்கள், மணலில் பார்த்தார்கள், நாம் ஒளியில் பார்ப்போமே!

அந்தப் பாறையை நினைத்துக்கொண்டே இன்னொன்றும் செய்தேன். கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு, கைப்பேசியிலிருந்து ஒற்றைச் சுரத்தைக் கொடுத்தேன். ஒரு கட்டைச் சுருதியில் ஷட்ஜம் விநாடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வு. விளக்கும் அத்தனை தடவை அணைந்து எரிகிறது, கண்ணுக்குத்தான் நின்று எரிவதாகத் தெரியும். இப்போது அதை இருட்டில் சரேலென்று வீசுங்கள். காற்றில் ஒளிக்கோடு துண்டு துண்டாக விழும்! பக்கத்திலேயே இன்னொரு எல்.இ.டி.யைக் கட்டி அதற்குப் பஞ்சமம் கொடுங்கள், 196 அதிர்வு. ஷட்ஜம் இரண்டு துண்டு போடும் இடத்தில் பஞ்சமம் மூன்று துண்டு போடுகிறது! ச–ப பொருத்தம், நாம் காது குளிரக் கேட்கும் அந்த இரண்டுக்கு மூன்று, காற்றில் தன்னையே எழுதிக் காட்டுகிறது ஐயா!

குறை என்று தேடினால், தகடுகள் கலகலத்தாலும் விளக்கு லேசாகத் துடிக்கும். துடிக்கட்டுமே, அதுவும் கஞ்சிராதானே!

அடுத்தது நாகஸ்வரம். எல்.எம். 3915 என்றொரு சில்லு பத்து எல்.இ.டி.யை வரிசையாக ஏற்றும், படிக்கு 3 டெசிபல். அதைத் தவிலோடும் சேர்த்துத் திருவிழாவில் வைக்கத்தான் போகிறேன். அதுவரை காத்திருக்காதீர்கள். உங்கள் வீட்டில் தட்டுகிற குழந்தை ஒன்று இருந்தால், எவர்சில்வர் டப்பாவில் தட்டினாலும் சரி, ஒரு பீசோ தகட்டை ஒட்டி விளக்கைக் கொடுங்கள். எங்கே அடிக்க வேண்டும் என்பதோடு எங்கே அடிக்கக் கூடாது என்பதையும் அந்த விளக்கே சொல்லிக்கொடுக்கும்!