பின்வாங்கிய குதிரை

1972-ஆம் ஆண்டு ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்ஜாவிக்கில் பாபி பிஷரும் போரிஸ் ஸ்பாஸ்கியும் உலகச் சதுரங்கச் சாம்பியன் பட்டத்துக்காக மோதியதைப் பற்றிப் பேசுகிறவர்கள், காமிராக்களைப் பற்றிய தகராறு, பிஷர் வராமலே தோற்ற இரண்டாவது ஆட்டம் என்று பலகைக்கு வெளியே நடந்த விபரீதங்களையே பெரும்பாலும் நினைவுகூர்கிறார்கள். பலகைக்குள் நடந்தவற்றில், என் அபிப்பிராயத்தில், மிகுந்த ஆராய்ச்சிக்கு உரியது ஸ்பாஸ்கி வென்ற 11-ஆவது ஆட்டமும், அதில் அவர் ஆடிய 14-ஆவது நகர்த்தலும்தான்.

சிசிலியன் தற்காப்பின் நஜ்டார்ஃப் முறையில் 'விஷச் சிப்பாய்' என்று வழங்கும் ஒரு கிளை உண்டு. கறுப்பு ராணி ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே தன்னந்தனியாகப் புறப்பட்டு, பி2 கட்டத்துச் சிப்பாயை உண்டுவிட்டு ஏ3-இல் போய் நிற்கும். வெள்ளையோ, போன சிப்பாயைப் பற்றிக் கவலை கொள்ளாமல், ராணி அலையும் வேளையில் மற்றக் காய்களையெல்லாம் களத்தில் இறக்கிக்கொள்ளும். பிஷருக்கு இது மிகவும் பிரியமான கிளை. ஏழாவது ஆட்டத்திலும் அவர் இதையே ஆடி, சிப்பாய் லாபத்தோடு வெளிவந்தார். ஆயினும் 49 நகர்த்தல்களுக்குப் பின் அது சமநிலையில் முடிந்தது.

11-ஆவது ஆட்டத்தில் ஸ்பாஸ்கி வேறு வழி சென்றார். மந்திரியைக் கொடுத்து எஃப்6 குதிரையை வெட்டினார். மற்றொரு மந்திரியை இ2-இல் வைத்துக் கோட்டை கட்டினார். ராஜாவை ஒரு கட்டம் மூலைக்குத் தள்ளினார். இத்தகைய நிலையில் சாதாரண ஆட்டக்காரன் எதைத் தேடுவான்? முற்றுகைக்கு ஒரு 'செக்', வெட்ட ஒரு காய், முன்னே தள்ள ஒரு சிப்பாய் என்றுதான் அவன் கண் செல்லும்; கூர்மையான தொடக்கம் என்றால் ஒவ்வொரு நகர்த்தலும் கூர்மையாகவே இருக்க வேண்டும் என்பது நம்மில் பலருக்கு ஊறிப்போன பிரமை. ஸ்பாஸ்கியோ சி3-இல் சௌகரியமாக நின்ற குதிரையை எடுத்து, அது ஆட்டத்தின் ஆரம்பத்தில் நின்ற பி1 கட்டத்திலேயே திரும்ப வைத்தார்.

இறக்கிய காயை மீண்டும் லாயத்தில் கட்டுவது சாஸ்திர விரோதம் என்று எந்தப் பாலபாடமும் சொல்லும். ஆனால் அந்தக் குதிரை ஏ3-இல் நின்ற ராணியைத் தாக்குகிறது. ராணி நகர்ந்தே தீர வேண்டுமாதலால், வெள்ளை செலவிட்ட காலம் உடனே திரும்பக் கிடைத்துவிடுகிறது. பிஷர் ராணியை பி4-க்குக் கொண்டுபோனார். உடனே வெள்ளை ராணி டி2-இலிருந்து இ3-க்கு நகர்ந்தது. ராணிகள் வெட்டுப்படாமல் தவிர்த்தது மட்டுமன்று, கறுப்பு ராணி திரும்பி ஓடக்கூடிய பி6 கட்டத்தையும் அது அடைத்துவிட்டது. இனி ஏ3 என்று சிப்பாய் ஒரு கட்டம் ஏறினால் ராணி ஏ4-க்குத்தான் ஒதுங்க முடியும். அங்கே ஒதுங்கினால், பின்வாங்கிய அதே குதிரை சி3-க்குத் திரும்பி அதைப் பிடித்துவிடும்! ராணிக்கு எத்தனை கட்டங்கள் எஞ்சியிருக்கின்றன என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவனுக்கன்றி இந்த நகர்த்தல் தோன்றாது. எதிரியின் ராஜாவையே நோக்கிக்கொண்டிருப்பவன் இதைக் கனவிலும் காணமாட்டான்.

பிஷர் அபாயத்தைக் காணாதவர் அல்லர். டி5 என்று மையச் சிப்பாயை முன்தள்ளி, ராணிக்கு டி6 வழியாக ஒரு வாயில் திறந்தார். அதற்கு அவர் கொடுத்த விலை அதிகம்: கோட்டை கட்டாமல் இ8-லேயே நின்ற தம் ராஜாவின் முன்னால் மையம் உடைந்துவிட்டது. விசித்திரம் என்னவென்றால், 17-ஆவது நகர்த்தலில் அந்த வாயில் வழியாக ராணியை மீட்டுக்கொள்ளாமல் குதிரையை எஃப்5-க்கு அனுப்பினார். வெள்ளை மந்திரி ஜி4-இலிருந்து அக்குதிரையை விரட்டியபோது அதை டி6-இலேயே வைத்து, திறந்த வாயிலைத் தாமே அடைத்துக்கொண்டார். பிறகு ஸ்பாஸ்கிக்குச் சிப்பாய்களே போதுமானவையாக இருந்தன. ஏ3, சி5, ஏ4 என்று அவை முன்னேற, 24-ஆவது நகர்த்தலில் ராணிக்குப் பிழைத்துப்போக ஒரு கட்டமும் இல்லை. பதிலுக்கு ஒரு மந்திரியைப் பெற்ற பிஷர், 31-ஆவது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இதை வைத்து விஷச் சிப்பாயை உண்பதே தவறு என்று முடிவு கட்டுவது அவசரப் புத்தி. பெரிய ஆட்டக்காரர்கள் பின்னரும் அதைத் துணிந்து உண்டு வந்திருக்கிறார்கள். ஸ்பாஸ்கியின் பட்டத்தையும் இந்த வெற்றி காப்பாற்றிவிடவில்லை. அந்தப் போட்டியில் ஸ்பாஸ்கி பெற்ற கடைசி வெற்றி இதுவே, முடிவில் பிஷர் 12½–8½ என்று வென்றார். ஆனால் 15-ஆவது ஆட்டத்தில் மறுபடி அதே நஜ்டார்ஃப் பலகையில் உருவானபோது, ஏழாவது நகர்த்தலில் பிஷர் ராணியைத் தொடவில்லை. மந்திரியை இ7-இல் வைத்தார். அந்த ஆட்டம் சமநிலையில் முடிந்தது.