பின்சக்கரத்துப் பிளவு

வெண்ணாற்றங்கரைச் சாலையிலே நெல் மூட்டையைக் கேரியரில் ஏற்றிச் செல்லும் கறுப்புச் சைக்கிளைப் பார்க்கிறவர்கள், பின்சக்கரத்தின் அச்சு வந்து அமரும் அந்தச் சிறு இரும்புப் பிளவைக் கவனிப்பதில்லை. அதன் லட்சணமோ தனியே ரசிக்கத் தக்கது.

பின்புறம் திறந்து கிடைமட்டமாக நீண்டிருக்கும் அதில், செயின் தொய்ந்தபோது கடைக்காரர் இருபுறத்து நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தைச் சற்றே பின்னுக்கிழுத்து, கட்டைவிரலால் செயினை அழுத்தி அரை அங்குலம் ஆடுகிறதா என்று பார்த்து இறுக்கிவிடுவார். நாட்டிங்ஹாமின் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி 1936-ல் வெளியிட்ட மூன்று கியர் ஏ.டபிள்யூ. ஹப், பற்சக்கரங்களைத் தன் குடத்துக்குள்ளேயே ஒளித்துக்கொண்டு, நடுக் கியரில் நேராகவும், மேல் கியரில் மூன்றிலொரு பங்கு கூடுதலாகவும், கீழ்க் கியரில் கால் பங்கு குறைவாகவும் சுழலும் சூக்ஷ்ம யந்திரமாயினும், செயினின் தொய்வை வாங்க இப்பிளவையே நம்பியிருந்தது. அச்சின் பக்கங்களைத் தட்டையாகச் சீவியிருப்பதும் அது பிளவுக்குள் சக்கரத்தோடு சுழலாதிருக்கத்தான். நம் சமவெளியில் கியர் எதற்கென்பார்கள். எதிர்க்காற்றில் மிதித்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

டிஸ்க் பிரேக் வந்ததும் சங்கடம் பிறந்தது. சக்கரத்தோடு அதன் தட்டும் நகர, சட்டத்தில் திருகப்பட்டு பிரேக் கட்டைகளைத் தாங்கும் காலிபர் மட்டும் அசையாது நிற்க, அக்கட்டைகள் தட்டில் சரியாகப் படியாமல் போயின. ஆகவே பிளவையே தனித் துண்டாக்கி, காலிபரையும் அதன்மேலேற்றி, இரண்டும் சேர்ந்து நகரச் செய்தார்கள். நேர்த்தியான உபாயந்தான், ஆனால் இறுக்கவேண்டிய போல்ட்டுகள் பெருகிவிட்டன. பழைய கம்பி பிரேக்குக்கு இப்படித் தனித் துண்டு தேவையில்லை. ஐப்பசி மழையில் ரிம் நனைந்தால் அது பிடிப்பதுமில்லை.