கொல்லிப்பாவை யாரைக் கொன்றாள்?

கொல்லிப்பாவை என்றதும் சூழலியல் நண்பர்கள் உற்சாகமாகிவிடுகிறார்கள். மலைக்குள் அத்துமீறுகிறவனைச் சிரித்து மயக்கிக் கொல்லும் பெண்ணுரு. ஆக, காடு திருப்பி அடிப்பதை நம்மாட்கள் அப்பவே கலையாக்கிட்டாங்க என்பது வாதம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. (சிற்றிதழ்க்காரர்களுக்கும் இந்தப் பெயர்மேல் ஆசை உண்டு, ராஜமார்த்தாண்டன் நடத்திய இதழ் நினைவிருக்கும்.) ஆனால் சங்கப் பிரதிகள் இந்த வாசிப்புக்கு ஒத்துழைப்பதில்லை.

அங்கே பாவை பெரும்பாலும் தலைவியின் அழகுக்கு உவமை. நற்றிணை 185இல், பாவை போன்ற அவள் தன்னைக் கொல்லத் தீர்மானித்துவிட்டதாகத் தலைவன் நொந்துகொள்கிறான். கவனியுங்கள்: குறிஞ்சித் திணையில் அடுத்தவர் தினைப்புனத்தில் வந்து நிற்பவன் அவன்தான்; சாகிறேன் என்று புலம்புகிறவனும் அவன்தான். நுழைந்தவனே பாதிக்கப்பட்டவனாகப் பேசும் சொல்லாடல் இது. மலையின் கோபம் பெண்ணுடலுக்கு இடம்மாற்றப்பட்டு, ஆணின் காதல்நோயாகச் செரிக்கப்படுகிறது.

அகநானூறு 209 இன்னும் அப்பட்டம். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்த சேதியும், அந்த மலைப்பாவை போன்றது தலைவியின் அழகு என்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. மலைக்குரியவன் செத்தான், மலை கைமாறியது. பாவை யாரையும் தொடவில்லை. காற்று, மழை, இடி, நில அதிர்ச்சி எது வந்தாலும் அவள் அழியமாட்டாள் என்று நற்றிணை 201 அடுக்குகிறது. அந்தப் பட்டியலில் அரசன் இல்லை.

காடு ஒரு பக்கம், மனிதன் ஒரு பக்கம் என்று பிரித்ததும் காணாமல் போவது மலைக்காரர்கள். நற்றிணை 201இன் தலைவியே குறவன் மகள்தான். இன்றைய கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடிகளைப் பாவைக் கதையில் எங்கே வைப்பது? சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் சமவெளி ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி ஏறியது. நட்டவங்க அவங்கதான், அத்துமீறல் யாருடையது? மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இங்கே பாக்சைட் வெட்டினார்கள். 2008இல் அது நின்றது சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய வழக்கால், பாவையின் சிரிப்பால் அல்ல.

எட்டுக்கை அம்மன்தான் அந்தப் பாவை என்று மலைமேல் சொல்கிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கை அருவிக்கு இறங்குகிறார்கள். அவளைப் பற்றி மலையாளிப் பெண்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியிலேயே யாராவது எழுதட்டும். மிச்சத்தை அங்கிருந்து பேசலாம்.